கூடை நான்கு, வண்டி ஒன்று

(அனுப்பம்பட்டில் ஊர் மக்கள் முன் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னால் நின்றுகொண்டே கேட்கத் தயாராகிவிட்ட தூய்மைக் காவலர் அக்காக்களே, முன் வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். பேசப்போவது உங்கள் வேலையைப் பற்றி. நான் தப்பாக எதையாவது சொன்னால் அங்கிருந்தே கையைத் தூக்குங்கள்.

நம் வீட்டுக் குப்பைக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. மத்திய அரசு 2026 ஜனவரியில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதற்கு முன் 2000இல் ஒரு முறையும் 2016இல் ஒரு முறையும் விதிகள் போட்டார்கள். முதலாவது நகரங்களுக்கானது. இரண்டாவது கொஞ்சம் கையை நீட்டி, மக்கள்தொகைக் கணக்கில் நகரமாக எண்ணப்பட்ட ஊராட்சிகள் வரைக்கும் தொட்டது. வயலும் ஏரியும் சூழ்ந்த சாதாரணக் கிராம ஊராட்சி இப்போதுதான் முழுதாக இந்த விதிகளுக்குள் வந்திருக்கிறது. தெருவைக் கூட்டுவதும் குப்பைமேட்டை அகற்றுவதும் ஊராட்சியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஏற்கெனவே சொல்லித்தான் இருந்தது. எப்படி, எங்கே என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டு இதுவரை நமக்குப் பழக்கம். பச்சைக் கூடை, நீலக் கூடை கொடுத்தார்கள். பல வீடுகளில் அவை அரிசி வைக்கவும் துணி ஊறவைக்கவும் நன்றாகவே பயன்பட்டன. இப்போது வீட்டிலேயே நான்காகப் பிரிக்க வேண்டும். சோறு, காய்கறித்தோல், மீன் செதில், குடல், இறால் தலை எல்லாம் ஈரக் குப்பை. காகிதம், பாட்டில், கவர், தகரம் உலர் குப்பை. அணையாடையும் மாதவிலக்குத் துணியும் சுகாதாரக் கழிவு. அவற்றைச் சுற்றிக் கட்டித் தனியாகத் தர வேண்டும். பெயின்ட் டப்பா, டியூப்லைட், பல்பு, காலாவதியான மாத்திரை போன்றவை தனிக் கவனம் வேண்டிய குப்பை. மூன்றாவது வகை தனியாக வந்ததை நான் மனமார வரவேற்கிறேன். அடுத்த வீட்டுக் குழந்தையின் அணையாடையைச் சோற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் வெறுங்கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்த நாட்டில், இதற்கு இத்தனை ஆண்டுகள் ஆனதற்கு வெட்கப்பட வேண்டும்.

கூடை நான்காகிவிட்டது. வண்டி?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்பது கணக்கு. ஒரு வாசலில் நின்று, குரல் கொடுத்து, நான்கு பொட்டலத்தை வாங்கி, கலந்திருந்தால் திருப்பிக் கொடுத்து, அதற்கு வரும் வசவையும் வாங்கிக்கொண்டு நகர இரண்டு நிமிடம் என்று வையுங்கள். 150 வீட்டுக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். தெருவுக்குத் தெரு நடக்கும் நேரம் இதில் சேரவில்லை. வண்டி நிறைந்தபின் கொண்டுபோய்க் கொட்டி வரும் நேரமும், உரக்குழியில் புரட்டிப்போடும் நேரமும் சேரவில்லை. இந்த வேலைக்குத் தரும் மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயாக இருந்து 2023இல் 5,000 ஆனது. முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு 167 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். வரப்பு வெட்டுவதற்கு அரசு அறிவித்த கூலியில் பாதிதான் ஊர்க் குப்பையை அள்ளுகிறவருக்கு. ‘மதிப்பூதியம்’ என்ற சொல்லில் மதிப்புதான் அதிகம், ஊதியம் குறைவு. கைதட்டாதீர்கள், வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

குப்பை அள்ளும் முறையை மாற்றுகிறோம் என்று எந்த அரசு சொன்னாலும், மாறப்போவது முதலில் அள்ளுகிறவரின் வாழ்க்கைதான். சென்னையில் 2025 ஆகஸ்டில் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலை தனியாரிடம் போகிறது என்றதும், தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை எதிரே நடைபாதையில் பகலும் இரவுமாக உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,000 டன் குப்பை சேரும் நகரம் அது. அந்த 6,000 டன்னையும் தினமும் தொட்டுத் தூக்குகிறவர்களைக் கேட்காமலே முறையை மாற்றத் துணிந்தார்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். குப்பைக்கு இரண்டு பயணம் உண்டு. வாசலிலிருந்து வண்டிக்கு ஒன்று. வண்டியிலிருந்து கடைசி இடத்துக்கு இன்னொன்று. அரசின் சுவரெழுத்து, பள்ளிக்கூட ஊர்வலம், கலெக்டர் உறுதிமொழி எல்லாம் முதல் பயணத்தைப் பற்றியே பேசுகின்றன. ஊர் கெட்டுப்போவது இரண்டாவதில். பிரித்துக் கொடுத்த நான்கும் ஏரிக்கரை ஓரம் ஒரே குழியில் கொட்டப்படுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பெண்மணி மறுநாள் பிரிப்பாரா? மாட்டார். பிரிக்காததுதான் நியாயம். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் சொல்கிறவர்கள் முதலில் அந்தக் குழியை மூடிவிட்டு வந்து பேசட்டும்.

உலர் குப்பை எங்கே போகிறது என்று பாருங்கள். இரும்பு, தகரம், அட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் காயலான் கடைக்குப் போகும். விலை இருப்பதால் தானாகவே போகும், சட்டம் தேவையில்லை. மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, கிழிந்த கவர், நண்டும் இறாலும் ஐஸ் போட்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டி. பணமாகாதவை. அதிலும் தெர்மாகோல் நம் பகுதிக்கே உரிய சனியன். எடையே இல்லை, இடத்தை மட்டும் அடைக்கும், உடைந்தால் அரிசி அரிசியாக உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும். சிமென்ட் சூளைகள் இந்த விலையில்லாப் பிளாஸ்டிக்கை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஆனால் சூளைகள் அரியலூர்ப் பக்கம். தளர்வாக லாரியில் ஏற்றினால் லாரி நிறையக் காற்றுதான் போகும். அழுத்திப் பொதியாகக் கட்டினால்தான் வாடகை கட்டுப்படியாகும். அதற்காகத்தான் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மையம் என்று வைத்து, 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்க வழி செய்தார்கள். நம் மீஞ்சூர் ஒன்றியத்துக்கான மையம் என்ன நிலையில் இருக்கிறது, அதற்கு உங்கள் ஊராட்சியின் குப்பை மாதத்துக்கு எத்தனை தடவை போகிறது என்று கேட்க உங்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. இதோடு இன்னொன்று. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் கம்பெனிதான் அந்த உறையைத் திரும்ப எடுக்கும் செலவுக்குப் பொறுப்பு என்று 2022இல் விதி தெளிவாகவே வந்துவிட்டது. அந்தப் பணம் இந்தப் பக்கம் வந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மற்ற ஊர்களில் குப்பையைக் கொட்ட ஒரு பள்ளமாவது, ஒரு பொறம்போக்காவது கிடைக்கும். பழவேற்காட்டுக் கரையில் அதுவும் கிடையாது. தோண்டினால் உடனே தண்ணீர். ஒரு பக்கம் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், இன்னொரு பக்கம் 1980இல் அறிவித்த பறவைகள் சரணாலயம், தமிழ்நாட்டுப் பகுதி மட்டும் 153.67 சதுர கிலோமீட்டர். ஏரி எல்லாவற்றுக்கும் தாழ்வில் கிடக்கிறது. ஆரணியாறு பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு வந்து இதில்தான் விழுகிறது. பக்கிங்காம் கால்வாயும் இதில் கலக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆழம் என்னவோ பெரும்பாலான இடத்தில் இடுப்பளவுதான். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே வந்தது வெளியே போக வழியில்லை. அனுப்பம்பட்டில் தெருவோரம் விட்ட கவர் ஐப்பசி மழையில் ஓடையைப் பிடித்து எங்கே போய்ச் சேரும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். அதனால்தான் இந்தப் பொழிவை ஏரிக்கரையில் வைக்காமல் ரயிலடி ஊரான இங்கே வைக்கச் சொன்னேன். குப்பங்களில் உள்ளவர்கள் தங்கள் குப்பையோடு நம் குப்பையையும் சேர்த்து வலையில் இழுக்கிறார்கள்.

ஏரிச் சேற்றில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் காலிலும் விரலிலும் உள்ள வெட்டுக்காயத்துக்கு ஒரு காரணம் உடைந்த பாட்டில். இதற்கு விடை வேறொரு மாவட்டத்தில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நீலகிரியில் யானைகள் உடைந்த மது பாட்டிலை மிதித்துக் காயப்படுகின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். குடித்தவன் தூக்கிப் போட்டாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார். காட்டில் பாட்டில் வெகுவாகக் குறைந்தது. பிறகு கட்டம் கட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் வந்தது. அறிவுரைப் பலகை செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. யானைக்காக நீதிமன்றம் போன நாட்டில் இறால் தடவும் பெண்ணின் காலுக்காக யாரும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

வலை. பருத்தி வலை இருந்த காலத்தில் கிழிந்த வலை கரையில் மக்கிப்போனது. நைலானும் தங்கூசியும் மக்காது. தண்ணீருக்குள் விட்டால் ஆள் இல்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். வீட்டுக் குப்பை என்ற கணக்கில் வலை வராது, ஆனால் குப்பத்தில் வலை வீட்டு வாசலில்தானே கிடக்கிறது? காசிமேட்டில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் முயற்சியில் பழைய வலைகளை விலைக்கு வாங்கும் மையம் தொடங்கினார்கள். நைலான் நல்ல விலையுள்ள பொருள், மறுசுழற்சிக்குப் போகும். பழவேற்காட்டு வலை காசிமேடு போய்ச் சேர வாரத்துக்கு ஒரு மினி லாரி போதும். கேரளத்தில் கொல்லம் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017இல் ‘சுசித்வ சாகரம்’ என்று தொடங்கினார்கள். மீனோடு வலையில் மாட்டும் பிளாஸ்டிக்கைக் கடலில் திரும்ப எறியாமல் மீனவர்கள் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் பெண்கள் கழுவிப் பிரித்தார்கள், இயந்திரம் தூளாக்கியது, தூள் தார்ச்சாலைக்குப் போனது. கரையில் வாங்கிக்கொள்ள ஆளும் இடமும் இருந்ததால்தான் படகில் பை வந்தது.

மீன் கழிவுக்கு வருகிறேன். இதில் எனக்குத் தனி ஆசை உண்டு, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். குப்பத்தில் ஈரக் குப்பையில் பெரும்பங்கு செதிலும் குடலும் இறால் தலையும். மண்புழு உரக்குழியில் இதைப் போட்டால் நாற்றமும் நாயும் ஈயும்தான் மிச்சம், புழு ஓடிவிடும். காய்கறித்தோலை நினைத்துப் போட்ட திட்டத்தை அப்படியே கொண்டுவந்து மீன்கரையில் இறக்கினால் இப்படித்தான் ஆகும். ஆனால் இந்த அனுப்பம்பட்டைச் சுற்றி நெல் வயல். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மீன் அமிலம் தேடி அலைகிறார்கள். மீன் கழிவும் நாட்டுவெல்லமும் சம எடை, காற்றுப் புகாத டிரம்மில் மூடி நிழலில் வைத்தால் 21 நாளில் தேன் நிறத்தில் சாறு வரும். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து தெளிப்பார்கள். நாற்றமும் போய்ப் பழவாசனை வந்துவிடும். ஒரு பக்கம் கழிவை வைத்துக்கொண்டு விழிக்கும் ஊர், இருபது கிலோமீட்டருக்குள் அதே கழிவைச் சாறாகக் கேட்கும் ஊர். நடுவில் தேவை இரண்டு டிரம், ஒரு கொட்டகை, வெல்லத்துக்கு முதல், பொறுப்பான ஒரு மகளிர் குழு. எல்லாக் கழிவையும் இப்படித் தீர்த்துவிடலாம் என்று சொல்லமாட்டேன். வெல்லத்தின் விலை அதற்கு இடம்தராது. ஏலக்கூடத்துக் கழிவு நாளுக்கு நூறு கிலோவைத் தாண்டினால் புதிய விதியின் கண்ணில் அது மொத்தக் கழிவு உற்பத்தியாளர் கணக்கில் வந்துவிடும், பொறுப்பும் கூடும். ஆனால் வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் சேர்வதற்கு இந்த வழி போதும்.

ஜப்பானைப் பார் என்று பேச்சாளர்கள் நம்மை வெட்கப்பட வைப்பது வழக்கம். காமிகாட்சு என்ற மலையூரில் 1,500க்கும் குறைவானவர்கள் குப்பையை நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், அங்கே குப்பை வண்டியே கிடையாது, அவரவரே நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உண்மைதான். ஆனால் கதையின் தொடக்கத்தை யாரும் சொல்வதில்லை. அந்த ஊரின் சின்ன உலைகள் புகை விதிக்குள் அடங்காமல் 2001இல் மூடப்பட்டன. புது உலை கட்டக் காசு இல்லை. வேறு வழி தெரியாமல்தான் பிரித்தார்கள், 2003இல் குப்பையில்லா ஊர் என்று அறிவித்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த வகைகளின் எண்ணிக்கை அல்ல, ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே இருக்கும் பலகை. இது எந்த ஊருக்குப் போகிறது, என்னவாக மாறுகிறது, இதை அனுப்ப எவ்வளவு செலவு அல்லது விற்றால் எவ்வளவு வரவு என்று அதில் எழுதியிருக்கும். இங்கிலாந்தில் நமக்கு ஒரு நாள் முன்பு, 2026 மார்ச் 31 முதல், வீடுகளிலிருந்து வாராவாரம் உணவுக் கழிவைத் தனியாக எடுக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள். அங்கேயும் பல ஊர்களில் முதலில் எழுந்த முணுமுணுப்பு வண்டிக்கும் ஆளுக்கும் பணம் எங்கே என்பதுதான். குவித்து வைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பு மீத்தொட்டமுல்லையில் பார்த்தோம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

இதையெல்லாம் யார் முறை வைத்து நடத்துவது என்று கேட்பீர்கள். அதைப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் ‘பாடு’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை விரிப்பது என்று முறை பிரித்து, சண்டையில்லாமல் பங்கு போட்டு வந்திருக்கிறார்கள். உலக அளவில் பொதுச்சொத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் வந்து படித்துவிட்டுப் போன ஏற்பாடு அது. கரையில் பிளாஸ்டிக் மூட்டையை ஏற்றிவிடுவது, வலை வண்டிக்கு ஆள் போவது, டிரம்மைப் பார்த்துக்கொள்வது என்பதற்கெல்லாம் அதே போல முறை வைக்க முடியாதா? ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். பாடு முறையில் இருளருக்குப் பங்கில்லை, எல்லா வீட்டுக்கும்கூடப் பங்கில்லை. மீனுக்கு அப்படி இருந்தது போதும். குப்பையில் எல்லோருக்கும் வேலை, அதிலிருந்து வரும் காசில் எல்லோருக்கும் பங்கு. அந்த வேலையைச் சத்தமில்லாமல் இருளர் குடியிருப்பின் தலையில் கட்டிவிட்டு முறை வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஒரு சிக்கல் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க உள்ளூர்த் தலைவர் இல்லாத காலத்தில்தான் இவ்வளவு பெரிய மாற்றம் வந்து இறங்கியது. ஆனால் கிராம சபைக்கு யார் பதவியும் முடியவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் அது கூட வேண்டும். பணம் இல்லை என்று அங்கே சொன்னால் நிதிக்குழு மானியத்தைப் பற்றிக் கேளுங்கள். 2021 முதல் 2026 வரையான பதினைந்தாவது நிதிக்குழுக் காலத்தில் ஊராட்சிக்கு வந்த மானியத்தில் 30 சதவீதம் சுகாதாரத்துக்கு என்றே கட்டி வைக்கப்பட்டது. அதில் எவ்வளவு குப்பைக்குச் செலவானது, எந்தக் கொட்டகைக்கு, எந்த வண்டிக்கு என்று கணக்கு வாசிக்கச் சொல்லுங்கள். வாங்கிய பேட்டரி வண்டி ஓடுகிறதா, பேட்டரி செத்து அலுவலகத்துக்குப் பின்னால் நிற்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நான்கு வகையும் கடைசியில் எங்கே போகின்றன என்று ஒரு பலகை எழுதி ஊராட்சி அலுவலக வாசலில் மாட்ட வேண்டும், மாதாமாதம் அதைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர்களுக்கு அபராதம் என்று பேச்சு எடுத்தால், பலகை வந்து மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்று சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் இதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.